கதவிடுக்கில் போன விரல்

வலது கை ஆள்காட்டி விரலில் எனக்கு நுனி கிடையாது. அலுவலகத்தில் வருகை பதியும் இயந்திரம் அந்த விரலை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை, நடுவிரலைத்தான் வைக்கிறேன். விரல் போனது இதே தில்லியில், நான் படித்த தமிழ்ப் பள்ளியின் இரும்புக் கதவில். மதிய இடைவேளையில் என் வகுப்புப் பையன் ஒருவன் விளையாட்டு வெறியில் கதவை ஓங்கித் தள்ளினான். என் கை இடுக்கில் இருந்தது. பெயிண்ட் உரிந்த அந்தச் சாம்பல் நிறக் கதவு இன்றும் கண்ணை மூடினால் எதிரே வந்து நிற்கும்.

அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். மத்திய அரசில் கிளார்க்காக இருந்த அம்மாவும் நானும் மட்டும் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பள்ளிக் கமிட்டிச் செயலாளர் ஆப்பிள் பையோடு வந்தார். எங்கள் தில்லித் தமிழர் வட்டாரத்தில் எந்தத் தகராறும் அப்படித்தான் தீரும். பழம் வரும், காபி குடிப்பார்கள், 'நம்ம ஆளுங்க' என்று யாராவது சொல்வார்கள், விஷயம் அமுங்கிவிடும்.

"அந்தப் பையனுக்கு டி.சி. குடுத்து அனுப்பிடறோம் மேடம். இது நம்ம ஸ்கூல். வெளிய போக வேண்டாமே" என்றார்.

அம்மா காபியை அவர் பக்கம் நகர்த்தினாள். எத்தனை வருஷம் தில்லியில் இருந்தும் திருநெல்வேலிப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. "அவன் சின்னப் பிள்ள சார். கதவு இருந்தா தள்ளத்தான் செய்வான். அந்த நேரத்துல பெரியவங்க யாரு அங்க நின்னாங்க? அதச் சொல்லுங்க."

யாரும் நிற்கவில்லை. ஆண்டு விழா மேடை வேலைக்காக ஆசிரியர்கள் எல்லோரையும் கமிட்டிதான் அழைத்திருந்தது. செயலாளர் காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

அம்மா பள்ளியின்மேல் வழக்குப் போட்டாள். குழந்தையே கவனமில்லாமல் கையை வைத்தது என்று பள்ளி பதில் சொன்னது. அதை வக்கீல் படித்துக் காட்டிய அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். கல்யாணம், வளைகாப்பு எதற்கும் எங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. லீவு போட்டுக் கோர்ட்டுக்குப் போவாள், அடுத்த வாய்தாவோடு திரும்புவாள். நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் தீர்ப்பு வந்தது. பள்ளி நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பள்ளியின் கடமை, தவறியது பள்ளி என்றார் நீதிபதி. அம்மா பெரிதாகச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

தீர்ப்பைவிட எனக்கு நினைவில் நிற்பது வேறு. வழக்கு நடந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அந்தப் பையனின் தாய் வந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றபடியே, "எங்க பையன வெறுத்துடாதீங்க" என்றாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "கோபம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இவ கையப் பாக்கையில எல்லாம் வருது. ஆனா உங்க பிள்ளய அனுப்பிட்டுப் பள்ளிக்கூடம் தப்பிச்சிரக் கூடாது."

போன மாதம் மயூர் விஹாரில் என் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். படிக்கட்டில் அவன் தள்ளியதில் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் கை முறிந்திருந்தது. அடிபட்ட பையனின் தாயை என் எதிரே உட்காரவைத்துக்கொண்டு, என் மகனை வேறு பள்ளி பார்க்கச் சொன்னார் முதல்வர். நான் முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், வைத்தியச் செலவு என்னுடையது என்றேன். பிறகு முதல்வரிடம் கேட்டேன்: அப்போது படிக்கட்டில் எந்த ஆசிரியர் இருந்தார்?

யாரும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சட்டப்படி அது சரியான கேள்வி. ஆனால் அம்மா வாயில் நியாயமாக இருந்தது என் வாயில் சாக்காகிவிட்டது. எனக்கே அப்படித்தான் கேட்டது. எதிரே இருந்தவள் வீங்கிய கண்களோடு என்னைப் பார்த்து இந்தியில் மெதுவாகச் சொன்னாள்: "உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, ஜி."

அம்மா அன்று சொன்னதை இவளும் சொல்ல மாட்டாளா என்று உள்ளுக்குள் ஏங்கினேன். அதை அவளாகச் சொன்னால்தான் உண்டு, நான் கேட்டு வாங்க முடியாது. என் வலது கை மேசைமேல் இருந்தது. விரலைக் காட்டி, எனக்கும் அந்த வலி தெரியும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அறையில் அந்த விரல் அடிபட்டவர்கள் பக்கம், நான் உட்கார்ந்திருந்தது தள்ளியவன் பக்கம். மெல்ல உள்ளே மடக்கிக்கொண்டேன்.