நாற்பதாம் பக்கத்துக் கணவாய்

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். கணவாயைப் பற்றி அந்தப் பழமொழி மூச்சு விடவில்லை. என் காதுக்கு வந்த வதந்தி இது: பள்ளிக்கூடப் புவியியல் புத்தகத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒருவர் மீனை வரைந்துவிட்டார், பதிப்பகம் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது, மனிதர் ஊரைவிட்டே ஓடிவிட்டார்.

விசாரிக்கப் போனேன். ஓவியர் ஓடவில்லை. துறைமுகத்துப் பின்தெருவில், மாடி வீட்டு ஜன்னலோரம், மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வேலையும் போகவில்லை. மலைகளுக்கு நடுவே மீன் என்பதும் பொய். மலையே கிடையாது, மீன் மட்டும்தான்.

பதிப்பகத்தில் அவருக்குப் பாடத்தைக் காட்டும் வழக்கம் இல்லை. என்ன படம் என்று போனில் சொல்வார்கள். அன்று சொன்னது, நாற்பதாம் பக்கத்துக்கு ஒரு கணவாய், கொஞ்சம் பெரிதாக. மலைத்தொடர் நடுவில் தாழ்ந்து, பாதைக்கும் காற்றுக்கும் மேகத்துக்கும் வழிவிடுகிற இடைவெளிக்கும் அதே பெயர்தான். என் வீட்டு அகராதியில் மலை முதலில், மீன் பின்னால். ஓவியர் வீட்டில் வரிசை மாறியிருந்தது. மேடுகூட இல்லாத ஊர். இங்கே கணவாய் என்றால் சந்தையில் கிடைக்கும், மை கக்கும், பத்துக் கை இருக்கும்.

மனைவி காலையிலேயே போய்ப் புதிதாகப் பார்த்து வாங்கிவந்தார். அதைத் தட்டில் கிடத்தி, ஒரு கையைக்கூட விடாமல் வரைந்தார் ஓவியர். அவர் வரைந்ததிலேயே ஆகச் சிறந்த படம் அதுதான், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாடலை மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.

படத்துக்குக் கீழே அச்சான வரி: ‘வணிகர்களும் படைகளும் இந்தக் கணவாய் வழியாகவே நாட்டுக்குள் நுழைந்தனர்.’

பிழை திருத்துபவரைக் கேட்டேன். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் தன் வேலை, படத்தில் எழுத்தே இல்லையே என்றார். 

பதிப்பாளர் திட்டவில்லை. மேலே ஒட்ட வெள்ளைத்தாள் வெட்டிக் கொடுத்தார். ஓவியரே அச்சகத்தில் உட்கார்ந்து, பிரதி பிரதியாகத் தன் மீனுக்குத் தானே கோடித்துணி போர்த்தினார். பைண்டர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

“சிரிச்சிருந்தா தேவலையா இருந்திருக்கும்,” என்றார் ஓவியர் என்னிடம், தரையைப் பார்த்தபடி.

ஒட்டிய தாளைப் பிள்ளைகள் முதல் நாளே நகத்தால் உரித்துவிட்டார்கள். அந்த வகுப்பில் அவர் மகளும் இருந்தாள். படமெல்லாம் எங்கப்பா போட்டது என்று புத்தகம் வருவதற்கு முன்பே பீற்றிக்கொண்டிருந்தவள். டீச்சர் கணவாய் என்றால் என்ன என்று கேட்டதும், வகுப்பு பதில் சொல்லாமல் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து, சரியான கணவாயை அப்பா பெரிதாக வரைந்து தருவார், வகுப்பிலேயே மாட்டலாம் என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் இடைவேளைதோறும் ஒரே விசாரிப்பு: “கணவாய் வந்துச்சா?”

ஓவியர் வரையாமல் இல்லை. மேசைக்கடியில் கசங்கிக் கிடந்த தாள்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

“மீன்னா எதிர்ல வச்சு வரைஞ்சிடலாங்க. இது வெறும் இடம். மலையைப் போட்டா மலைதான் தெரியுது. இடைவெளியை எங்க புடிக்கிறது?”

“நடுவுல ஒரு பாதை விட்டுப் பாருங்களேன்,” என்றேன், பெரிய மேதை மாதிரி.

“விட்டேன். அந்த மீனோட கை மாதிரி நெளியுது.”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “என்னங்க, வந்தவர்கிட்டயாவது கொஞ்சம் சிரிங்க. அந்த மீனை வாங்கின நானே தலை நிமிந்துதான் நடக்கறேன்.”

மகள் வரும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நழுவுவது அவர் வழக்கமாகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்று நான் இருந்ததால் மாட்டிக்கொண்டார்.

அவள் வந்து, பையை இறக்கிவிட்டு, மேசையைப் பார்த்தாள். அவர் தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். விரல்களுக்கு நடுவே இரண்டு சரிவுகள் எட்டிப்பார்த்தன.

“நாளைக்குக் கண்டிப்பா தரேம்மா.”

“மெதுவாவே குடுங்கப்பா,” என்றாள். “உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கிளாஸ்ல சொல்லி வச்சிருக்கேன்.”

அவள் முகம் கழுவப் போனாள். அவர் கையை எடுக்கவில்லை.