அது ஈரமில்லை என்று நிரூபித்தவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அக்கா என்ன படித்தார் என்பது சரியாகத் தெரியாது. "ஏதோ கெமிஸ்ட்ரி" என்பார்கள். கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்தார், கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார், யாரோடும் அதிகம் பேசமாட்டார். வெளியே தெரிந்தது அவ்வளவுதான். அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை, அவர் போய் ஓராண்டு முடிகிற இந்த நாளிலாவது சொல்லிவிட வேண்டும் என்று தம்பியாகிய நான் நினைக்கிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அக்கா மலையாள நாட்டின் கிழக்கு எல்லையோரம், எருத்தேன்பதியில் எங்கள் தோப்பு வீட்டில் பிறந்தார். அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டதால் என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவர், முதல் வருடம் ஆங்கிலமும் பிடிபடாமல் மலையாளமும் பிடிபடாமல் பஸ்ஸில் அழுதுகொண்டே வருவார். கடைசி வருடம் வகுப்பில் அவர்தான் முதல். பிறகு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் எங்கள் கிழக்குப் பக்கத்துத் தமிழர். "நம்ம பேச்சுப் பேசறவருங்க. புள்ளையப் பத்தி இனிக் கவலையில்லீங்க" என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

அக்கா ஆராய்ந்தது ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதத்தை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஆல்கஹாலை வேறொரு திரவத்தில், அதாவது ஒரு கரைப்பானில், கரைத்து, அதன் வழியே அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தினால், கருவி ஒரு கோடு வரைந்து தரும். தனித்து நிற்கும் மூலக்கூறுகள் அதில் கூர்மையான முனையாகத் தெரியும். பிணைந்தவை அகன்ற மேடாகத் தெரியும். அக்காவின் கோடுகளில் கூர்முனைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன மேடு இருந்தது. சங்கிலிபோல் பிணைந்தவற்றில் கடைசியில் நிற்கும் மூலக்கூறுகளால் வருவது அது என்று அக்கா கருதினார். பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது ஈரம் அம்மிணி. கரைப்பான்ல தண்ணி ஏறியிருக்குது. அதைய விட்டுட்டு மத்த வேலையப் பாரு" என்றாராம்.

அக்கா விடவில்லை. கரைப்பானைத் திரும்பத் திரும்ப உலர்த்தினார். காற்றில் ஈரம் குறைந்த மார்கழி, தை மாதங்களுக்காகக் காத்திருந்து எல்லா அளவுகளையும் மறுபடி எடுத்தார். வேண்டுமென்றே துளி நீர் சேர்த்தும் பார்த்தார். நீருக்குரிய முனை வேறோர் இடத்தில் எழுந்தது. அவருடைய சின்ன மேடு அப்படியே இருந்தது. ஆய்வகத்துக் குடுவைகளின் அளவுக் குறியை நம்பாமல், ஒவ்வொன்றையும் நீர் நிரப்பி எடைபோட்டுத் திருத்தி எழுதுவார். அதனால் அவருடைய செறிவு அளவுகள் முழு எண்களாக வராமல் ஒழுங்கற்ற தசமங்களாக இருக்கும். பேராசிரியர் பார்த்திருந்த இரண்டு நோட்டுகளில் இல்லாமல், மூன்றாவதாக ஒரு நோட்டில் இதெல்லாம் இருந்தது. முழுதாக முடித்த பிறகு பேராசிரியரிடம் காட்டலாம் என்று வைத்திருந்தார். அப்படியொரு நோட்டு இருப்பது, பக்கத்து மேசையில் வேலை செய்த தோழி ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு டைபாய்டு வந்தது. ஒரு நாள் மதியம் பேராசிரியர் காரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க சார், இத்தன தூரம் நீங்களே வரோணுமா?"

"நம்ம புள்ளைங்க. பாக்காம இருக்க முடியுமா?"

அக்கா படுத்திருந்த அறையை வாசலில் நின்று பார்த்தார். "தூங்கட்டுமுங்க, எழுப்பாதீங்க" என்றார். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினோம். கை கழுவும்போது, "நோட்டெல்லாம் இங்க கெடந்தா கரையான் புடிச்சுருமுங்க. லேப்ல பத்திரமா வெச்சுக்கறேன்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூன்று நோட்டுகளையும் எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கார் சீட்டில் வைத்தது நான்தான்.

சாயங்காலம் விழித்ததும் நடந்ததைச் சொன்னேன்; அக்கா கேட்டார்.

"மூணையுமா குடுத்தே?"

"மூணும்தானுங்க்கா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடம்பு தேறி ஆய்வகத்துக்குப் போனபோது, "உங்க ஊட்டுல ரெண்டு நோட்டுத்தானே குடுத்தாங்க" என்றார் பேராசிரியர். அடுத்த வருடம் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்தச் சின்ன மேடு ஈரத்தால் வருவதில்லை என்பதுதான் அதன் முடிவு. பேராசிரியர் பெயரும் தோழியின் பெயரும் போட்டிருந்தார்கள். அட்டவணையில் அக்கா எடைபோட்டுத் திருத்திய அதே ஒழுங்கற்ற எண்கள், கடைசித் தசமம் வரை இருந்தன.

அக்கா புகார் கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். நோட்டைக் கொடுத்ததற்கு ஏதாவது எழுதி வாங்கினீர்களா என்று எங்களைக் கேட்டார்கள். "ஊட்டுக்கு வந்து சாப்புட்டவருகிட்டக் கையெழுத்தாங்க கேப்பாங்க?" என்றார் அப்பா. தோழியை அழைத்து, மூன்றாவது நோட்டைப் பார்த்ததுண்டா என்று கேட்டார்கள். அக்கா சமைத்த சோற்றை எத்தனையோ நாள் பகிர்ந்து தின்றவர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஓர்மையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆய்வகத்து ஸ்டோர் கீப்பர் ஒருவர்தான், "உலர்த்தறதுக்கான சாமானெல்லாம் இந்தப் புள்ளதான் வாங்கிட்டுப் போச்சு. வேற ஒருத்தரும் கேக்கவேயில்ல" என்றார். அவர் சொன்னது அறிக்கையில் வரவில்லை.

அக்கா பட்டத்தை முடிக்கவில்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். அதே வகைக் கருவியில், வந்து இறங்கும் கரைப்பான்களில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு அன்றாட வேலை. அவர் வேண்டாம் என்றால் லாரி திரும்பிப் போகும். யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆனாலும் அவருடைய வேலையைப் பற்றி வீட்டில் நாங்கள் ஏதாவது கேட்டால் எழுந்து போய்விடுவார்.

கணையத்தில் நோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கடைசி வாரத்தில் ஒரு காலை, கஞ்சி கொடுக்கும்போது நான் கேட்டேவிட்டேன்.

"அக்கா, நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். எம்மேல கோவமுங்களா?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கையால் விலக்கினார்.

"நீ குடுத்ததுல வெசனமில்லடா. என்னைய ஒரு வார்த்த எழுப்பிக் கேட்டிருக்கலாம்."

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் துணிவு வரவில்லை.

அக்காவின் கடைசி மாதங்களில் முறைவைத்து வந்து உடனிருந்த தொழிற்சாலைப் பெண்களுக்கும், மருந்து வாங்கக் கோயமுத்தூருக்கும் ஊருக்குமாக அலைந்த பங்காளிகளுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய ஊராருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அன்று உண்மையைச் சொன்ன ஸ்டோர் கீப்பர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கு எங்கள் நன்றி.

இந்த மலருக்கென்று வந்த எழுத்துகளில் ஒன்றை மட்டும் நாங்கள் சேர்க்கவில்லை. பேராசிரியர் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். 'என் ஆராய்ச்சிக்கு உறுதுணையாக இருந்த அன்பு மாணவி' என்று அதில் இருந்தது. படித்துக் காட்டினேன். அப்பா தாளை வாங்கி மடித்தார்.

"அவுரு பேரு போட்ட எடத்துல எம்புள்ள பேரு இல்ல. எம்புள்ளைக்குப் போடற பொஸ்தகத்துல அவுரு பேரு வேண்டாம் சாமி."

அவருடைய எழுத்து வந்திருக்க வேண்டிய பக்கத்தில், கருவியின் முன்னால் அக்கா நிற்கும் படத்தை வைத்திருக்கிறோம்.