வரப்போகும் ஆண்டின் திராட்சையும் எங்கள் அண்ணனும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் இன்று அண்ணனின் முதலாண்டு நினைவுநாள் பந்தியில் நீங்கள் அதைத்தான் பேசப்போகிறீர்கள். கொடியில் இன்னும் பூக்கவே பூக்காத திராட்சைக்கு ஒயின் லேபிள் அச்சடித்தவன் நான். அதைச் சொன்னால்தான் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியும்.

அண்ணன் பிறந்தது எம். புதுப்பட்டி என்ற ஊரில். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தார். என்னை பி.காம். வரை படிக்க வைத்தவரும் அவர்தான். அதன் பலனை மேலே படித்தீர்கள்.

பிறகு பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்றை வாங்கிச் சொந்தமாக அச்சகம் போட்டார். தீபாவளி வரை பட்டாசு லேபிள், மார்கழி வரை காலண்டர். அதன் பிறகு மெஷின் தூங்கும்; வேலை பார்ப்பவர்கள் வீட்டில் அடுப்பும் தூங்கும். அண்ணனை அரித்த கவலை அது ஒன்றுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, பாண்டிச்சேரி ஏஜெண்டு ஒருவர் மூலம், பிரான்ஸில் ஓர் ஒயின் தோட்டத்தின் லேபிளும் அதன் வரலாற்றுப் புத்தகமும் அச்சடிக்க ஆர்டர் வந்தது. முதல் ஆர்டர் மட்டும் காலண்டர் சீசனில் வந்து தொலைத்தது. இனி வருவதெல்லாம் தை மாதத்துக்கு மேல்தான் என்றார்கள். இது நிலைத்தால் சீசன் இல்லாத மாதங்களிலும் சம்பளம் உண்டு.

பொருள் தெரியாததை அண்ணன் மெஷினில் ஏற்ற மாட்டார். பாண்டிச்சேரிக்கே போய், பிரெஞ்சு வாத்தியார் ஒருவரிடம் அந்தப் புத்தகத்தை வரிவரியாகக் கேட்டறிந்தார். நான்கு தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் தோட்டம் அது. சுண்ணாம்புக்கல் சரிவு. முதலில் நட்ட கொடிகளை வேர்ப்பூச்சி அழித்துவிட, அடுத்த தலைமுறை அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் திரும்ப நட்டது. இப்போது இரண்டு சகோதரர்கள். பெரியவருக்குத் தோட்டம், சின்னவருக்கு வியாபாரம். எங்கள் வீடு போலத்தான். அங்கே சின்னவர் கெட்டிக்காரர்.

பழத்தைக் கையால் பறித்து, அழுகியதைக் கழித்து, சிமெண்டுத் தொட்டியில் தோலோடு புளிக்க விடுகிறார்கள். புளிக்கவைக்க வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. பிறகு பழைய ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருடம். புதுப் பீப்பாய் என்றால் மரவாசம் பழத்தை அமுக்கிவிடுமாம். வெயில் கொளுத்திய வருடத்து ஒயின் கெட்டியாக இருக்கும், மழை வருடத்தது இளசாக. இரண்டையும் கலந்து ஒரே ருசியாக்குவதில்லை. எந்த வருடம் பறித்த பழமோ அந்த வருடத்தையே லேபிளில் போடுவார்கள்.

அண்ணன் அங்கே இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் இங்கே லேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மூன்று வருடம் பழைய ஆண்டு இருந்தது. போன வருடக் காலண்டரைக் கடலை மடிக்கத்தான் வாங்குவார்கள் நம் ஊரில். பிரெஞ்சுக்காரர் தெரியாமல் பழைய டிசைனை அனுப்பிவிட்டார் என்று இரக்கப்பட்டு, வரப்போகும் ஆண்டைப் போட்டு முழு ஆர்டரையும் ஓட்டி முடித்தேன்.

அண்ணன் வந்து ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தார்.

“ஏலே, இது என்ன வருசம்?”

“வரப்போற வருசம்ண்ணே. புதுசுன்னாத்தான விக்கும்?”

“அந்தத் திராட்சை இன்னும் பூக்கவே இல்லையேலே!”

“காலண்டரும் அப்படித்தானண்ணே முன்னாடியே அடிக்கோம்?”

“காலண்டர எவனும் குடிக்க மாட்டாம்லே. வெம்பக்கோட்டை அணை பெருகுன வருசத்துப் பருத்தியும் காஞ்ச வருசத்துப் பருத்தியும் ஒண்ணாலே?”

அத்தனை லேபிளையும் அவரே கத்தியில் கொடுத்து வெட்டினார். கட்டி முடிக்க வேண்டிய காலண்டரை நிறுத்திவிட்டு, மறுபடி அச்சடித்தார். ஏஜெண்டுக்குப் போன் போட்டு, “தப்பு எங்களுது, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. தோட்டத்துப் பெரியவர் பொறுத்தார். அடுத்த தையிலும் ஆர்டர் வந்தது. கூடவே இரண்டு பாட்டில் ஒயினும். அண்ணன் மூடியைத் தொடவில்லை. ஒன்றை ஜன்னல் வெயிலில் வைத்து மை வெளுக்கிறதா என்று பார்த்தார். மற்றதை ஐஸ் தண்ணீரில் போட்டு லேபிள் உரிகிறதா என்று பார்த்தார். உள்ளே இருப்பதைச் சோதிக்க நான் முன்வந்தேன். அனுமதி கிடைக்கவில்லை.

ஒரு சொட்டுக் குடிக்காத அவருக்குத்தான் கல்லீரல் கெட்டது. ஊர் அதற்கும் பிரான்ஸைக் காரணம் சொன்னது. அவர் மறுக்கவில்லை, சிரித்தார். மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் புரூஃப் பார்த்தார். மதினி வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். “தை மாசம் மெஷின் நிக்கக் கூடாது” என்பார் மதினியிடமும் என்னிடமும்.

அவர் போன பிறகு, இனி லேபிளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது யார் என்று தோட்டத்துப் பெரியவர் கேட்டனுப்பினார். கையெழுத்திட்ட புரூஃப் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்த ஆண்டு ஆர்டர் உறுதியாகும்.

ரத்தம் கொடுத்த எங்கள் அச்சகத் தொழிலாளர்களுக்கும், மதுரை மருத்துவர்களுக்கும், பாண்டிச்சேரி வாத்தியாருக்கும், இந்த ஒரு வருடமாக எங்கள் வீட்டுப் படியேறி வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதை எழுதி முடித்த கையோடு மதினியிடம் போய், “மதினி, பிரான்ஸ் புரூஃப்ல நானே கையெழுத்துப் போட்டுரட்டுமா?” என்று கேட்டேன்.

“நேத்தே நான் போட்டு அனுப்பியாச்சு.”