மார்வலஸ் என்றால் கிளம்பலாம்

தெருப் பிள்ளைகளுக்கு அவள் பல்லக்கா. பல் டாக்டரிடம் வேலை பார்ப்பதால் வந்த பட்டம். நாற்பது வயதில், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, முதன்முதலாக வேலைக்குப் போனவள். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இவள் படித்தது எட்டாம் வகுப்பு. டாக்டரம்மாவோ வெளிநாட்டுக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

அர்த்தம் கேட்பது பல்லக்காவுக்குக் கௌரவக் குறைச்சல். கேட்க மாட்டாள், பார்ப்பாள். டாக்டர் ஒன்றைச் சொன்னதும் நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார்? ‘ரின்ஸ்’ என்றால் வாய் கொப்பளிக்கிறார். தீர்ந்தது விஷயம். ஊசி போட்டுவிட்டு ‘நம்ப்?’ என்று கேட்டால் கன்னத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறார். அப்படியானால் மரத்துப்போவது. டாக்டரின் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க வழியில்லை. எந்நேரமும் மாஸ்க்.

‘மார்வலஸ்’ என்பதையும் இப்படித்தான் பிடித்தாள். வேலை முடிந்து, விளக்கை அணைத்து, நாற்காலியை நிமிர்த்தும்போது டாக்டர் அதைச் சொல்வார். உடனே ஆள் செருப்பைத் தேடுவார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முடிந்தது, கிளம்பலாம்.

கற்றதை வீட்டிலும் விட்டுவைக்கவில்லை. கணவர் தையல்காரர். ஒரு நாள் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்து உதறியவரிடம், “என்ன, நம்ப் ஆயிடுச்சா?” என்றாள். மனிதர் அசந்துபோனார்.

எதிர்வீட்டம்மாவிடம்தான் கொஞ்சம் சறுக்கியது. வந்தால் லேசில் எழுந்திருக்காதவர். மகன் வாங்கிய மார்க்கை அவர் மூன்றாவது தடவை சொன்னபோது, பல்லக்கா எழுந்து நின்று, “மார்வலஸ்!” என்றாள். அந்த அம்மா முகம் மலர்ந்து, காலை மடக்கி இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

“பாவம், அவங்களுக்கு இங்கிலீஷ் வராது போல,” என்றாள் கணவரிடம்.

மூன்று மாதம் முடியும் நாள் வந்தது. காலையிலிருந்தே மேனேஜர் வருகிறாரா என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நாற்காலியில் பயந்து கிடப்பவர்கள் அவள் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

மதியம் மேனேஜர் வந்து, கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த அவளைக் காட்டி டாக்டரிடம் ஏதோ கேட்டார். பதில் நன்றாகவே காதில் விழுந்தது. “ஷி இஸ் மார்வலஸ்.” மேனேஜர் தலையாட்டிவிட்டு, ஃபோன் அடிக்கவும் வெளியே போனார்.

பல்லக்காவுக்குப் பகீரென்றது. கிளம்பச் சொல்லிவிட்டார்களே! ஆனாலும் ரோஷக்காரி. மிச்சத்தையும் பளிச்சென்று கழுவி அடுக்கினாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்தாள். டிஃபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

டாக்டர் ஓடிவந்து மறித்தார். “வேர் ஆர் யூ கோயிங்?”

“நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, மார்வலஸ்னு!” என்று கதவைக் காட்டினாள்.

டாக்டர் கதவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மடித்து வைத்த ஏப்ரனையும் நிரம்பி நின்ற கண்களையும் பார்த்தார். பிறகு, வேலை நேரத்தில் ஒருநாளும் கழற்றாத மாஸ்க்கைக் கழற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. ஏப்ரனை எடுத்து அவள் கழுத்தில் மாட்டி, அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகுப் பக்கம் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

“யூ. மார்வலஸ்.”

போகச் சொல்பவர் எங்கேயாவது முடிச்சுப் போடுவாரா? பல்லக்கா சட்டென்று திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். அட, பாராட்டா! வலியைப் பொறுத்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் டாக்டர் இத்தனை நாளும் சொல்லி அனுப்பியது இதைத்தானா!

மேனேஜர் கதவருகே தலையை நீட்டினார். “இனிமே நீங்க இங்கே நிரந்தரம்மா. சந்தோஷம்தானே?”

அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

“டாக்டர்,” என்றாள், “இன்னொரு தடவை சொல்லுங்க.”

பச்சைத் தமிழில்தான் கேட்டாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை சொன்னார்.