இடப்பக்கத்து டொக்

அடுத்தவர் மோட்டார் சைக்கிளின் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கிற முட்டாள் ஒருவனை ஏற்காட்டில் நீங்கள் பார்த்திருந்தால், அது நான்தான். ஏரிக்கரையில் ஒருமுறை அடி விழ இருந்தது, என் வழுக்கையைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். கிரீசும் ஈரமண்ணும் கலந்த வாசனையோடு ஒரு பழைய வண்டி வந்து நின்றால் போதும், பின்சக்கரத்தின் இடப்பக்கம் மண்டியிட்டுவிடுவேன்.

அப்பா கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அம்மா நான் நடை பழகுமுன்பே இறந்துவிட்டதால், பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் எங்கள் குவார்ட்டர்ஸில் நானும் சுவர்ப்பல்லியும் மட்டும்தான். பல்லி அதிகம் பேசாது என்பதால் இருவருக்கும் சேர்த்து நானே பேசுவேன். பனி இறங்கி சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிற வேளையில், கல்பாலத்து மேட்டில் அப்பாவின் வண்டி ஏறி இறங்கும். வலப்பக்கத்து ஷாக் அப்சார்பர் "புஸ்" என்று மூச்சுவிடும். பின்னாலேயே இடப்பக்கம் "டொக்" என்று இடிக்கும். அந்த "டொக்" கேட்டதும் சர்க்கரை டப்பாவை மூடிவிட்டுப் பிறவிப் படிப்பாளிபோலப் புத்தகத்தை விரிப்பேன், பல நாள் தலைகீழாக. அப்பா என் வாயோரத்துச் சர்க்கரையைத் துடைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போவார்.

வலது ஷாக், வண்டியோடு வந்தது. இடது உடைந்தபோது, டவுனில் பட்டறை வைத்திருந்த பாய் வேறேதோ வண்டியிலிருந்து கழற்றியதை மாட்டி, அதற்கு மூடி இல்லாததால் பிஸ்கட் டப்பாவை வெட்டிச் சுற்றிக் கறுப்பு அடித்துக் கொடுத்தார். பெயிண்ட் உரிந்த இடத்தில், டப்பாவில் அச்சடித்திருந்த ரோஜாப்பூவின் பாதி இதழ் தெரியும்.

"ஏனுங்க ரைட்டரு, ஒரு பக்கம் ஒரிஜினலு, ஒரு பக்கம் இரவலு. வண்டி நொம்ப நொண்டுதுங்களே?" என்று பாய் கிண்டலடிப்பார்.

"நொண்டுனாலும் ஊடு வந்து சேந்துருதுங்க பாய். பையன் தனியா இருப்பான்" என்பார் அப்பா.

நான் ஏழாவது படிக்கையில் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. துக்கத்துக்கு வந்த வண்டிகளெல்லாம் கல்பாலத்தைத் தாண்டின, எதுவும் நொண்டவில்லை. சேலத்து மாமா என்னை அழைத்துப்போனார், வண்டியை யாருக்கோ விற்றார். அதன் நம்பர் எனக்கு நினைவில்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வளர்ந்ததும் ஏற்காட்டுக்கே திரும்பி வந்து, அந்த வண்டியைத் தேடித் தேடியே நிபுணனாகிவிட்டேன். தகரத்தின் கனம், அடியில் குத்திய எழுத்து, ஸ்பிரிங் சுற்றுகளின் இடைவெளி இவற்றைத் தடவிப் பார்த்து எது ஒரிஜினல் என்று சொல்வேன். அதிகம் மினுங்கினால் டூப்ளிகேட். பழைய வண்டிப் பைத்தியங்கள் என்னைத் தேடி மலையேறி வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரிஜினல், எனக்கு வேண்டியதோ டூப்ளிகேட். கல்யாணத் தரகு பார்க்கிற பிரம்மச்சாரி கதைதான்.

போன மாதம் நாகலூர் டீக்கடை முன்னால் சேலத்து இளைஞன் ஒருவன் தன் வண்டியைக் காட்டினான். பார்த்தேன், வழக்கம்போல் சுரண்டினேன். "ரெண்டும் ஒரிஜினல் தம்பி" என்று முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தேன். அதில் எனக்கு ஒன்றுமில்லை.

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "வாங்கறப்ப இப்பிடி இல்லீங்ண்ணா! எடப்பக்கம் எவனோ ஒரு கிறுக்கன் பிஸ்கட் டப்பாத் தகரத்தச் சுத்தி வெச்சிருந்தானுங்க. கறுப்புக்கு அடியில ரோசாப்பூப் படம் வேற. நாந்தான் ஊரு ஊரா அலைஞ்சு சோடியா மாட்டுனேன்."

டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்துவிட்டு மறுபடி வண்டியருகே போனேன். கொட்டச்சேட்டில் இன்று கல்பாலம் இல்லை. சிமெண்டில் சமதளமாகப் போட்டுவிட்டார்கள், எந்த வண்டி வருகிறதென்று யாருக்கும் கேட்காது. சீட்டின் மேல் கை வைத்துக்கொண்டு, "அந்தப் பழைய ஷாக் எங்க தம்பி?" என்றேன்.

"பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க."