தந்திக் கம்பத்துப் புனிதை

தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டு டிவி சேலை கட்டிக்கொள்ளும். சாம்பல் புதனன்று அம்மா தன் பழைய நீலச் சேலையால் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டால், ஈஸ்டர் வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. கறி கிடையாது, சினிமா கிடையாது. மீன் மட்டும் உண்டு. ஆண்டவரே மீன் சாப்பிட்டிருக்கிறார், அதனால் எங்கள் கடற்கரை ஊர் புன்னைக்காயல் பிழைத்தது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் பார்த்து, மாமாவுக்குத் தவக்காலத்தில் லீவு கிடைத்தது. மாமா அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. மற்ற வீட்டு மாமாக்கள் சென்ட், சோப்பு, சாக்லேட் கொண்டுவருவார்கள். எங்கள் மாமா பெட்டி நிறைய டிவிடி கொண்டுவருவார். எல்லாம் வெளிநாட்டுப் பழைய படம். சண்டை இருக்காது, பாட்டு இருக்காது. ஒருத்தன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான், நாமும் அவன்கூடவே பார்க்க வேண்டும். மழை பெய்யும், நிற்கும். படம் முடிந்துவிடும். இதற்காகவா ஒரு மனுஷன் இறங்குகிற துறைமுகத்திலெல்லாம் கடை கடையாக அலைகிறான் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அந்தத் தடவை கொண்டுவந்ததில் ஒன்று, அவர் மூன்று வருஷமாகத் தேடிய படம். கப்பலில் போட்டுப் பார்க்க வசதியில்லை. திங்கட்கிழமை லீவு முடிகிறது. டிவியோ சேலைக்குள் இருக்கிறது.

"அக்கா, ஒரே ஒரு தடவை. சத்தமில்லாம பாத்துக்கிடுதேன்."

"ஏலே, ஆண்டவர் நாப்பது நாள் பட்டினி கெடந்தாரு. ஒனக்குப் படம் பாக்காம இருக்க முடியலையோ?"

மாமா தினமும் அந்த உறையை எடுப்பார், முன்னும் பின்னும் பார்ப்பார், வைத்துவிடுவார். நோயாளி பிரியாணியைப் பார்க்கிற மாதிரி.

சனிக்கிழமை வீடு பெருக்கும்போது அந்த உறை அம்மா கையில் சிக்கியது. தலையில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண் வானத்தைப் பார்த்து நிற்கிறாள். பின்னால் உயரமாக ஒரு மரம், அதில் குறுக்குக் கட்டை. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஏலே, இது எந்தப் புனிதை?"

அது தந்திக் கம்பம். மாமாவே எனக்குச் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தேன். மாமா என்னைப் பார்த்தார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. "ரொம்பக் கஷ்டப்பட்டவக்கா" என்றார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முதன்முதலாக அந்தப் பெட்டியிலிருந்து எனக்கு ஒரு சாக்லேட் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அம்மா, வீட்டில் புனிதை படம் போடுகிற செய்தியைச் சொல்லிவிட்டாள். மத்தியானம் பாதித் தெரு எங்கள் வீட்டில். டிவி மேல் மெழுகுவர்த்தி, அதன் பக்கத்தில் அந்த உறை. சேலையை அவிழ்த்து, செபமாலையில் பத்து மணி உருட்டி, படத்தைப் போட்டார்கள்.

எதிர்வீட்டு அத்தை மட்டும் உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். அவள் புருஷன் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் போனவர், இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை. உடலும் வரவில்லை, அதனால் இறந்தவர்களுக்கான பூசையும் வைக்கவில்லை. அவளை எப்படி அழைப்பது என்று தெரியாமல் யாரும் எதற்கும் அழைப்பதில்லை.

படத்தில் புனிதை தண்ணீர் இறைத்தாள். ஆடு மேய்த்தாள். மறுபடியும் தண்ணீர் இறைத்தாள்.

"இவ எப்பம்லே புதுமை செய்வா?" என்று அற்புதத்துக்குக் காத்திருந்த பெரியம்மா கேட்டாள்.

"வரும் பெரியக்கா, பொறுங்க" என்றார் மாமா.

ஆடு குட்டி போட்டது. "இந்தா, புதுமை!" என்று பெரியம்மா சிலுவை போட்டாள். அடுத்த நிமிஷமே புனிதை ஒரு சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தாள்.

"ஏலே!" என்றாள் அம்மா.

"குளிர் தேசம்லாக்கா. அங்க எல்லாரும் குடிப்பாவ."

இப்படியே பதில் சொல்லிச் சொல்லி, மாமா தன் படத்தில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் புனிதை மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்றில் சாப்பிட்டாள். யாரும் வரவில்லை. அப்புறம் எழுந்து, சாப்பிட்ட தட்டோடு சாப்பிடாத தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். திரை இருண்டுவிட்டது.

"அம்புட்டுதானா? இதுக்கா மெழுகுவர்த்தி ஏத்துனீய?" என்று பெரியம்மா எழுந்தாள்.

வாசலிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்தத் தட்டையும் கழுவுனா பாத்தியளா?"

தெருவே கலைந்து போனது. அத்தை படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு மட்டம் போடுவியளா?" என்றாள்.

அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உறையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்குக் கட்டையிலிருந்து கம்பி போவதும், அதில் ஒரு குருவி இருப்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்ததை நான் பார்த்தேன். மாமாவின் காது போச்சு, சாக்லேட் தின்ற என் காதும் போச்சு என்று காத்திருந்தேன். அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"போடுலே" என்றாள்.

இரண்டாம் தடவை கேள்வி கேட்க ஆளில்லை. மாமா நிம்மதியாகப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் டிவியைப் பார்க்கவே இல்லை, வாசல்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கப்பலுக்குப் போகும்போது அந்த டிவிடியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வருஷம் தேடியதை!

"அத்தை வீட்ல டிவியே இல்லியேம்மா. எதுல போட்டுப் பாப்பாவ?"

அம்மா டிவிக்குச் சேலை சுற்றிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட இறுக்கமாக முடிச்சுப் போட்டாள். "போளா, போய்ப் படி."

நான் படிக்கப் போகவில்லை, எதிர்வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தேன். பலகையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி மாமாவின் டிவிடி. மூன்றையும் அத்தை கழுவி வைத்திருந்தாள், மூன்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கழுவினால் படம் அழிந்துவிடாதா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.