முட்டி வலிச்சுதுன்னு சொல்லி வச்சேன்

ஏம்மா கலா, உனக்கு வேற வேலையே இல்லியா? கண்ணாலமாயி மூணு வருசம் கழிச்சு வந்து, உன் முகூர்த்தப் பொடவை கதையெ நோண்டிக்கினு கீற. சொன்னா கெழவிக்குக் கழண்டுக்கிச்சும்ப. பேய் பிசாசுன்னு எவனாச்சும் பேசினா மூஞ்சிக்கு நேராவே சிரிக்கிறவ நானு. நீயும் சிரிச்சுக்கினே கேளு.

எங்க வூட்டுக்காரரு பேப்பருக்கு எழுதுவாரு இல்ல, அதெல்லாம் சேத்து ஒரு புஸ்தகம் போட்டாங்க. அவரு போனப்புறம் பன்னெண்டு வருசம் அது எங்க வூட்ல தயிர் சட்டிக்கு மூடி. நான் மூணாங்கிளாசு, எனக்கெதுக்கு புஸ்தகம்? அன்னிக்கி என்னவோ தோணிச்சு, மருமவ செல்விகிட்ட குடுத்து படின்னேன். என்னெப் பத்தி ஒரு வரியாச்சும் எழுதினாரான்னு தெரியணுமே! செவிலிமேட்டு ரோட்டு குழி இருக்குது, பஸ் ஸ்டாண்டு கக்கூசு இருக்குது, தென்னேரி ஏரி வத்திக் கெடந்தது இருக்குது. நான் தான் இல்ல.

அன்னிக்கி தான் தெருவுல உங்க பாவு. உங்கப்பா ஊருக்கெல்லாம் நெய்யறவரு, சொந்தப் பொண்ணுக்குன்னு மொத தபா பட்டு நூலெ தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு காய வச்சிருந்தாரு. சித்திரை மாசம், மானத்துல பொட்டு மேகம் கெடையாது. நான் வாசப்படியில குந்திக்கினு, ஆடு வராம பாக்கறேன்னு சொல்லிட்டு கண்ணெ மூடிக்கினு கேக்கறேன். ஏரியில வண்டித்தடம் வுழுந்துது, மாடு மேயுதுன்னு போயிக்கினே இருந்த படிப்பு, நடுவுல, "குண்டூசி, மழை வருது, பாவெ சுருட்டச் சொல்லு. ம்." கொரலு செல்வி கொரலு தான், நம்பினா நம்பு.

குண்டூசின்றது அவரு எனக்கு வச்ச பேரு. குள்ளமா இருந்துக்கினு குத்துவேனாம். ஒருத்தர் எதிர்லயும் அப்பிடி கூப்பிட்டதில்ல. வரிக்கு வரி 'ம்'ன்றதும் அவரு பழக்கம்.

ஓடினேன் பாரு தெருவுக்கு. "சுருட்டுங்கப்பா பாவெ!"

"ஆயா, ஈரத்தோட சுருட்டினா இழையெல்லாம் ஒட்டிக்கும். எம்பொண்ணு பொடவெ பாழாப் போனா நீயா நெய்வ?"ன்னு உங்கப்பா எகிர்றாரு. பேசிக்கினு நிக்கிறதுக்கு நேரமேது? பாவு இழுத்துக் கட்டியிருந்த முளையெ புடுங்கிட்டேன்! பாவு தொங்கிப் போச்சு, அப்புறம் என்னா பண்ணுவாங்க, என்னெத் திட்டிக்கினே சுருட்டினாங்க. வூட்டுக்குள்ள கொண்டு போயி கூட வைக்கல, கொட்டுச்சு பாரு மழை. உங்கம்மா என் கையெ புடிச்சுக்கினு ஓன்னு அழுவுறா.

நனைஞ்சுக்கினு திரும்பி வந்தா, செல்வி அடுப்பங்கரையில இருந்து வரா. "எங்க போனீங்க அத்தே? பால் பொங்குதுன்னு நான் அப்பவே படிக்கிறதெ வுட்டுட்டு உள்ள போய்ட்டேனே"ன்றா. புஸ்தகம் மூடி சன்னல்ல கீது. மூணு தபா தேட வச்சேன். குண்டூசியும் இல்ல, மழையும் இல்ல. அப்ப எனக்கு படிச்சது யாரு? பாத்தியா அந்த மனுசனெ, அப்பவும் என்னெ எழுத்துல போடல, வாயால சொல்லிட்டுப் போயிட்டாரு.

எப்பிடி தெரியும்னு தெருவே வந்து கேட்டுச்சு. மழை வரும்னா எனக்கு முட்டி வலிக்கும், அன்னிக்கும் வலிச்சுது, அதான்னேன். இன்னிக்கும் பாவு போடறதுக்கு முன்னால வந்து, "ஆயா, முட்டி எப்பிடி கீது?"ன்றாங்க. இருங்க பாக்கறேன்னு உள்ள போயி புஸ்தகத்தெ காதாண்ட வச்சிக்கினு நிப்பேன். முக்காவாசி நாளு ஒண்ணும் கேக்காது. என்னிக்காச்சும் ஒரு நாளு, மூடறப்ப, 'ம்.'

வெளிய வந்து, "வலிக்குது, இன்னிக்கி போடாதீங்க"ன்னுடுவேன்.